சோர்ந்த எலியும் சோர்ந்த மனமும்

1874ஆம் ஆண்டின் தொடக்கத்திலே சுவிற்சலாந்து தேசத்தின் பேர்ண் நகரில் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சத்திரசிகிச்சை ஒன்று செய்யப்பட்டது. அவளுடைய கழுத்திலே கழலை வளர்ந்திருந்தது. மலைநாடாகிய அத்தேசத்தில் கழலை நோய் அக்காலத்தில் ஊருக்கு ஊர் காணப்பட்ட ஒன்று. சத்திரவைத்தியரான தியொடோர் கொக்கர் மிகுந்த நிதானமும் கைத்திறனும் வாய்ந்தவர். இரத்தப் பெருக்கினாலும் புண் சீழ்ப்பிடிப்பதனாலும் நோயாளர் மடிவது சாதாரணமாயிருந்த அந்நாளிலே, அவர் கழலையை மாத்திரமன்றி, அக்கழலை தோன்றிய சுரப்பி முழுவதையுமே சுத்தமாக வெட்டி எடுத்தார். காயம் நன்றாக ஆறிற்று. சிறுமி வீடு சென்றாள். சத்திரவைத்தியத்தைப் பொறுத்தவரையில் அது ஒரு வெற்றி.

ஆனால் அவளை அனுப்பிவைத்த ஊர் வைத்தியர் பின்னர் ஒரு செய்தி சொன்னார். முன்னர் கலகலப்பாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்த பிள்ளை இப்பொழுது சிடுசிடுப்பும் மந்தமும் உடையவளாய், எந்த வேலையிலும் மனஞ் செல்லாதவளாய் மாறிவிட்டாள் என்பதே அச்செய்தி. 1882ஆம் ஆண்டிலே, ஜெனீவா நகரத்துச் சத்திரவைத்தியரான றெவர்டின் என்பார் தம்முடைய நோயாளரிடமும் இத்தகைய மாற்றங்களைக் கண்டதாகக் கூறியபொழுது, கொக்கர் தாம் முன்னர் சிகிச்சை செய்தவர்களையெல்லாம் திரும்ப அழைத்துப் பார்வையிட்டார். சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டோரில் 18 பேர் வந்தனர். அவர்களுள் 16 பேர் உடல் ஊதி, தோல் தடித்து, குளிர் தாங்காது, பேச்சும் நினைவும் மெதுவாகி, உயிரோடிருந்தும் உயிர்ப்பில்லாதவர்களாய் நின்றனர். அந்தச் சிறுமியோ வளராமலே நின்றுவிட்டாள். ஒருகாலத்தில் அவளிலும் சிறியவளாயிருந்த தங்கை இப்பொழுது அவளைத் தாண்டி ஓங்கி வளர்ந்திருந்தாள். கொக்கர் 1883இல் இவ்வுண்மையை மறைக்காமல் பிரசித்தப்படுத்தினார். இனிமேல் சாதாரணக் கழலைக்காகச் சுரப்பி முழுவதையும் எடுப்பதில்லை என்றும் தீர்மானித்தார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமது வெற்றியின் பின்னே மறைந்திருந்த தீங்கைத் தாமே வெளியிட்ட அந்த நேர்மைக்கு, அப்பரிசிலும் கூடிய மதிப்புக் கொடுத்தாலும் தகும்.

நேயர்களே, அந்தச் சுரப்பியே தைரொயிட்டுச் சுரப்பி எனப்படுவது. கழுத்தின் முன்புறத்திலே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல மூச்சுக்குழாயைத் தழுவிக்கொண்டிருக்கும் இச்சுரப்பி, வளர்ந்த ஒருவரிடத்தில் ஏறத்தாழ 20 கிராம் நிறையே உடையது. நாம் உண்ணும் உணவிலுள்ள அயடீனைப் பற்றியெடுத்து அதனைக் கொண்டு இது ஓமோன்களை ஆக்குகிறது. நான்கு அயடீன் அணுக்களையுடைய தைரொக்சின் அவற்றுள் முதன்மையானது. மற்றையது மூன்று அயடீன் அணுக்களை மாத்திரம் உடையது. அளவிற் குறைந்தது, ஆனால் வலிமையிற் கூடியது. தைரொக்சினை அமெரிக்கரான கெண்டல் என்பார் 1914ஆம் ஆண்டு நத்தார்த் தினத்திலே தூய பளிங்காகப் பிரித்தெடுத்தார். மூன்று அணு ஓமோன் 1952இலேயே கண்டறியப்பட்டது. உடலின் கலங்கள் எரிபொருளை எவ்வளவு விரைவாகச் செலவிட வேண்டும் என்பதை இவ்விரண்டும் நிர்ணயிக்கின்றன. இதயத்தின் வேகமும் உடலின் வெப்பமும் குடலின் அசைவும் இவற்றின் கட்டளைக்கு உட்பட்டவை. மனமும் இக்கட்டளைக்கு உட்பட்டதா என்பதே இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விடயம்.

இக்கேள்வி இங்கிலாந்திலும் எழுந்தது. நடுத்தர வயதுப் பெண்கள் சிலரிடம் காணப்பட்ட விசித்திரமான மந்தநிலை ஒன்றை வில்லியம் கல் என்னும் இலண்டன் வைத்தியர் 1873இல் விவரித்திருந்தார். சுவிற்சலாந்துச் செய்தி வந்தபின், இரண்டும் ஒன்றே எனச் சிலர் ஊகித்தனர். இலண்டன் வைத்தியர் சங்கமொன்று 1883இல் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. அக்குழுவைச் சேர்ந்த விக்ரர் ஹோஸ்லி குரங்குகளின் தைரொயிட்டுச் சுரப்பியை அகற்றிப் பார்த்தார். அவை உடல் வீங்கி, வெப்பங் குறைந்து, முன்பு போலத் தாவுதலும் விளையாடுதலும் இன்றி, மூலையிலே குந்தியிருந்தன. விலங்கொன்றின் சுரப்பியைக் குறைத்து, அதன் நடத்தையிலே மனிதனுடைய நோயின் சாயலைத் தேடிய முயற்சிகளுள் இது முதல்வரிசையிற் சேர்வது. எனினும் அது பழுதற்ற பரிசோதனையன்று. தைரொயிட்டை ஒட்டினாற்போல் அமைந்திருக்கும் வேறு நான்கு சிறு சுரப்பிகள் கல்சியத்தைக் காப்பவை என்பது அக்காலத்தில் தெரியாது. அவையும் சேர்ந்து வெட்டப்பட்டமையால், குரங்குகளுக்கு உண்டான நடுக்கமும் வலிப்பும் தைரொயிட்டின் கணக்கிலேயே எழுதப்பட்டன. விலங்குப் பரிசோதனையிலே கண்ணுக்குத் தெரிவது ஒன்று, அதன் காரணம் வேறொன்று என்னும் இச்சிக்கல் பின்னரும் திரும்பத் திரும்ப வரக் காண்போம்.

அக்குழு 1888இல் வெளியிட்ட அறிக்கை 109 நோயாளரைப் பற்றியது. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் இல்லாததை உள்ளதாய்க் காணுதல், பிறர் தமக்குத் தீங்கு நினைப்பதாய் நம்புதல் முதலிய மனக்கோளாறுகள் இருந்தன என்று அது கூறிற்று. ஆகவே தைரொயிட்டுக் குறைவு மனத்தையுந் தாக்கும் என்பது நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய செய்தி. ஆனால் பழைய செய்தி என்பதனால் எல்லோரும் அறிந்த செய்தி என்று கொள்ள முடியாது. 1949ஆம் ஆண்டிலே இலண்டன் வைத்தியரான றிச்சாட் ஆஷர், பிரித்தானிய வைத்தியச் சஞ்சிகையிலே, மனநோயாளர் எனக் கருதப்பட்ட 14 பேரைப் பற்றி எழுதினார். அவர்கள் உண்மையில் தைரொயிட்டு வற்றியவர்கள்; அச்சுரப்பியின் மருந்தைக் கொடுத்தபொழுது பெரும்பான்மையோர் தெளிந்தனர். இதிலே சுவையான ஒன்றுண்டு. இந்நோயைப் பற்றிப் பல வைத்தியருக்குப் பாடப்புத்தகத்திலும் பார்க்க ஒரு நாவலே நன்றாக உணர்த்தியது என்று ஆஷர் குறிப்பிட்டார். குரொனின் என்பார் 1937இல் எழுதிய ‘சிற்றடெல்’ என்னும் நாவலிலே, வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவனைப் பைத்தியகாரன் என்று அத்தாட்சிப்படுத்தக் கையொப்பமிட அழைக்கப்படும் இளம் வைத்தியன், ஊதிய முகத்தையும் தடித்த தோலையும் கண்டு கையை நிறுத்திவிடுகிறான். இலக்கியத்தைப் பொழுதுபோக்கென்று தள்ளுவோர் இதனை நினைவில் வைத்தல் நன்று.

பைத்தியம் என்பது ஒரு கோடி. அதற்கு இப்பால், அதனிலும் பரவலாய், சத்தமின்றி நிற்பது மனச்சோர்வு. எதிலும் இன்பமின்மை, உற்சாகமின்மை, உறக்கக் கேடு, எண்ணம் ஓடாமை, தன்மேலேயே வெறுப்பு என வரும் இந்நிலையும் தைரொயிட்டுக் குறைவும் ஒன்றோடொன்று எளிதில் மயங்கத் தக்கவை. இத்தகைய ஒருவரை வீட்டார் ‘சோம்பேறி’ என்கின்றனர். சோம்பல் என்பது நம் வழக்கிலே நோயின் பெயரன்று, குற்றத்தின் பெயர். குற்றமென்றால் கண்டிக்கலாம், நோயென்றால் காரணம் தேடவேண்டும். காரணத்தை மனிதரிடத்தில் மாத்திரம் தேடினால் ஒரு தடை உண்டு. தைரொயிட்டு வற்றிய ஒருவர் சோர்ந்திருப்பது ஓமோன் குறைந்ததனாலா, நோயாளியாகிவிட்டோம் என்ற கவலையினாலா, வறுமையினாலா, குடும்பத் துயரத்தினாலா என்று பிரித்தறிவது அரிது. மனிதருடைய சுரப்பியைப் பரிசோதனைக்காக நிறுத்திப் பார்க்கவும் முடியாது. ஆதலாலேயே விஞ்ஞானிகள் எலியிடம் சென்றனர்.

அமெரிக்காவிலே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேட் றிக்ரர் என்றொரு ஆராய்ச்சியாளர் இருந்தார். எலியின் கூட்டிலே ஒரு சக்கரத்தைப் பொருத்தி, அது நாளொன்றுக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ணுவது அவருடைய வழக்கம். எலி தன்னிச்சையாக ஓடும். எவரும் அதனைத் துரத்துவதில்லை. தைரொயிட்டுச் சுரப்பி அகற்றப்பட்ட எலிகளின் ஓட்டம் வெகுவாகக் குறைந்ததை அவர் 1933இல் வெளியிட்டார். இதனை மனச்சோர்வு என்று அவர் சொல்லவில்லை. செயலூக்கம் குறைந்தது என்றே கொண்டார். அந்த அடக்கம் பாராட்டத்தக்கது.

கத்தியின்றிச் சுரப்பியை அடக்கும் வழியும் எலிகளாலேயே, அதுவும் தற்செயலாகவே, கிடைத்தது. 1940களின் தொடக்கத்தில் அதே பல்கலைக்கழகத்திலே வேறு நோக்கத்துக்காகச் சில இரசாயனப் பொருள்களை எலிகளுக்கு ஊட்டியபொழுது, அவற்றின் கழுத்திலே தைரொயிட்டு வீங்கியிருக்கக் கண்டனர். அப்பொருள்கள் சுரப்பி அயடீனைப் பயன்படுத்துவதைத் தடுத்துவிட்டன. ஓமோன் குறைந்ததை உணர்ந்த மூளையடிக் கபச்சுரப்பி, ‘இன்னும் வேலை செய்’ என்று ஏவல் ஓமோனை மேலும் மேலும் அனுப்ப, வேலை செய்ய இயலாத சுரப்பி வீங்கிற்று. இவ்வறிவிலிருந்தே, அளவுக்கு மீறிச் சுரக்கும் தைரொயிட்டுக்கு மருந்து பிறந்தது. ஆராய்ச்சிக்கும் இதனால் பெரிய வசதி உண்டாயிற்று. இவ்வகை மருந்தைக் குடிநீரிலே கலந்துவிட்டால் சில வாரங்களில் எலி தைரொயிட்டுக் குறைவுடையதாகிறது, நிறுத்தினால் மீள்கிறது, தைரொக்சினை ஊசி மூலம் கொடுத்தாலும் மீள்கிறது. கல்சியத்தைக் காக்கும் சிறு சுரப்பிகளுக்குத் தீங்கில்லை. ஹோஸ்லியின் குரங்குகளில் நேர்ந்த மயக்கம் இங்கே இல்லை.

சுரப்பியைக் குறைப்பதற்கு வழி கிடைத்தது. ஆனால் எலியினுடைய மனத்தை எவ்வாறு அளப்பது? எலி பெருமூச்சு விட்டுத் தன் துயரத்தைச் சொல்லாது, வினாத்தாளை நிரப்பாது. இங்கேயும் றிக்ரரின் பெயர் வருகிறது. 1957இல் அவர் வெளியிட்ட கட்டுரையொன்று எலிகளை நீரில் நீந்தவிட்ட பரிசோதனையைப் பற்றியது. மீசை நறுக்கப்பட்ட 34 காட்டெலிகளும் 15 நிமிடங்களுக்குள்ளே இறந்தன. ஆனால் வீட்டில் வளர்க்கப்பட்ட எலிகளிற் பெரும்பாலானவை 40 முதல் 60 மணி நேரம் வரை நீந்தின. காட்டெலியையும் சிலமுறை கையிற் பிடித்து விட்டு, நீரிலிருந்து எடுத்து விட்டு, தப்ப வழியுண்டு என்று காட்டினால், அதுவும் வீட்டெலி போலவே நெடுநேரம் நீந்திற்று. நம்பிக்கை என்னும் சொல்லை எலியின் விடயத்திலே பயன்படுத்த அவர் தயங்கவில்லை. அச்சொல் பொருந்துமா என்பது வேறு. படிப்போர் மனம் கலங்காதிருக்க முடியாது. இத்தனை உயிர்களை மூழ்கவிட்டுத்தான் இதனை அறியவேண்டுமா என்று கேட்போரையும் குறைசொல்ல முடியாது.

இதனிலும் மிகச் சாந்தமான முறையொன்றை றொஜர் பொர்சோல்ற் என்பாரும் அவருடன் பிரான்ஸ் தேசத்திலே பணிபுரிந்தோரும் 1977இல் அறிமுகப்படுத்தினர். ஏற முடியாத கண்ணாடி உருளை ஒன்றிலே இளஞ்சூடான நீர். அதிலே எலியை 15 நிமிடம் விடுவர். முதலில் அது சுற்றிச் சுற்றி நீந்தும், சுவரைப் பிறாண்டும், மூழ்கிப் பார்க்கும். பின்னர் தலையை மாத்திரம் நீருக்கு மேலே வைத்துக்கொண்டு அசையாமல் மிதக்கும். அதனை எடுத்து உலர்த்தி, மறுநாள் மீண்டும் 5 நிமிடம் விட்டால், வெகுவிரைவிலே மிதக்கத் தொடங்கிவிடும். அசையாதிருக்கும் விநாடிகளைக் கடிகாரத்தினால் எண்ணுவதே சோதனை. மனச்சோர்வுக்கு மனிதருக்குக் கொடுக்கும் மருந்துகளை முன்னரே கொடுத்திருந்தால் இவ்வசைவின்மை குறைந்தது. ஆகவே புதிய மருந்துகளைப் பொறுக்கியெடுக்கும் சல்லடையாக இச்சோதனை உலகெங்கும் பரவிற்று.

இச்சல்லடையிலே தைரொயிட்டுக் குறைந்த எலிகளை இட்டால் என்ன நிகழும்? 1997இல் குலிக்கோவ் முதலியோர் வெளியிட்ட ஆய்விலே, அத்தகைய எலிகள் ஏனையவற்றிலும் கூடிய நேரம் அசையாது மிதந்தன. 2006இல் ஸ்பானிய விஞ்ஞானிகளின் ஆய்வும் அவ்வாறே கண்டது. அதுமட்டுமன்றி, ஓமோனைத் திரும்பக் கொடுத்தபொழுது எலிகள் பழைய நிலைக்கு மீண்டன. எடுத்தால் கெடுகிறது, கொடுத்தால் சீராகிறது என்னும் இவ்விரண்டும் சேர்ந்து வரும்பொழுதே காரணம் என்ற சொல்லுக்கு வலிமை உண்டாகிறது.

ஆயினும் கவனமாகச் சிந்திப்பவர் இவ்விடத்திலே ஒரு தடையை எழுப்புவார். தைரொயிட்டுக் குறைந்த எலி குளிர்ந்த எலி. அதன் தசைகள் தளர்ந்தவை. இதயம் மெதுவாக அடிப்பது. றிக்ரரின் சக்கரத்திலே ஓடாத எலி, பொர்சோல்ற்றின் நீரிலே நீந்தாமற் போனதில் என்ன வியப்பு? கால் சோர்ந்ததை மனஞ் சோர்ந்ததாக எண்ணிவிட்டோமா? இத்தடை நியாயமானது. இதற்காகவே ஆராய்ச்சியாளர் அதே எலியைத் திறந்த பெட்டியொன்றில் விட்டு, அது சாதாரணமாக எவ்வளவு நடமாடுகிறது என்றும் அளக்கின்றனர். நடமாட்டம் குறையாமல் நீரில் மாத்திரம் அசைவு குறைந்தால், அது வெறும் உடற்சோர்வன்று எனலாம். இரண்டும் குறைந்தால் ஒன்றுஞ் சொல்வதற்கில்லை. எல்லா ஆய்வுகளும் ஒரே விடையைத் தரவில்லை. எலியின் இனம், வயது, ஆண் பெண் வேறுபாடு, ஓமோன் எவ்வளவு காலம் குறைந்திருந்தது என்பன போன்றவற்றுக்கு ஏற்ப முடிவுகள் மாறுகின்றன.

சோதனையின் மேலேயே ஐயமுடையவர்களும் உளர். அசையாது மிதத்தல் ஏன் நம்பிக்கையிழப்பாக இருக்கவேண்டும்? தப்ப வழியில்லை, சற்று நேரத்தில் யாரோ எடுத்துவிடுவார்கள் என்று கற்றுக்கொண்ட எலி, வீணாகச் சக்தியைச் செலவிடாமல் மிதப்பது அறிவுடைமை ஆகாதா? இன்னுமொன்று: மனச்சோர்வு மருந்து மனிதரிடத்தில் பலன்தரச் சில வாரங்கள் செல்லும், எலியிடத்திலோ ஒரே நாளில் பலன் தெரிகிறது. இத்தகைய காரணங்களாலும் உயிர்களிடத்துள்ள இரக்கத்தாலும் மேல்நாட்டு மருந்துக் கம்பனிகள் சில இச்சோதனையைக் கைவிட்டுள்ளன. இந்த ஐயங்கள் மிகையானவை அல்ல. ஆனால் இவற்றைக் காட்டி விலங்கு ஆய்வு அனைத்தும் பொய்யென்று தள்ளுவோர், நடத்தையை விட்டு மூளையையே நோக்கிய ஆய்வுகளுக்குப் பதில் சொல்லவேண்டும்.

மூளையின் ஆழத்திலே, கடற்குதிரையின் வடிவுடைய ஒரு பகுதி உண்டு. நினைவுக்கும் மனநிலைக்கும் அது முக்கியமானது. வளர்ந்த எலியின் மூளையிலும் அங்கே புதிய நரம்புக்கலங்கள் தோன்றிக்கொண்டிருக்கின்றன. நெடுநாள் துன்புறுத்தலினால் இத்தோற்றம் குறையும். மனச்சோர்வு மருந்துகளால் கூடும். தைரொயிட்டுக் குறைவு இதனையும் குறைப்பதாக 2005இலும் 2006இலும் வெவ்வேறு ஆய்வுகூடங்கள் கண்டன. மும்பாயிலே ஆராய்ந்தவர்கள், கலங்கள் பிறக்கும் வேகம் குறையவில்லை, பிறந்தவை பிழைத்து முதிர்வதே குறைந்தது என்றனர். மேலே சொன்ன ஸ்பானியர், பிறப்பதே குறைந்தது என்றனர். வழி எதுவாயினும், ஓமோன் குறைந்த மூளையிலே இளங்கலங்கள் அருகின என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டனர். இது நீந்தும் காலின் தளர்ச்சியினால் விளைந்தது என்று எவரும் சொல்ல இயலாது.

மனநிலையோடு தொடர்புடைய செரொற்றொனின் என்னும் பொருளைக் கையாளும் முறையிலும் இவ்வோமோன் தலையிடுகிறது. அதன் விவரம் சிக்கலானது; இங்கே வேண்டுவதில்லை. அதனிலும் வியப்பானது, சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகரிலே உருவாக்கப்பட்ட சுண்டெலி வகை ஒன்று. கலத்தினுள்ளே ஓமோனை ஏற்றுக்கொள்ளும் புரதம் ஒன்றுண்டு. அது பூட்டு, ஓமோன் திறவுகோல். அந்தப் பூட்டை, பரம்பரை அலகிலே ஒரு சிறு மாற்றஞ் செய்து, திறவுகோலுக்கு எளிதில் இணங்காததாக ஆக்கினர். இச்சுண்டெலிகள் அச்சமிக்கனவாயும் நினைவாற்றல் குறைந்தனவாயும் இருந்தன என்று 2005இல் வெளிவந்தது. மூன்று அணு ஓமோனை மிகுதியாகக் கொடுத்துப் பூட்டைத் திறந்தபொழுது அவை தேறின. 2010இல் வந்த மற்றோர் ஆய்வு, இவ்வகைச் சுண்டெலிகளிடம் மனச்சோர்வை ஒத்த நடத்தை கூடியிருப்பதாகவும் காட்டிற்று. சுரப்பி ஒழுங்காகச் சுரந்தபோதும், மூளையின் கலங்கள் அதனைக் கேளாச் செவியினராயிருந்தால் விளைவு குறைவே என்பது இதனால் புலனாகிறது. இரத்தத்தில் வரும் தைரொக்சினை மூளை அப்படியே பயன்படுத்துவதுமில்லை. நரம்புக்கலங்களுக்குத் துணைநிற்கும் வேறு கலங்கள் அதிலிருந்து ஓர் அயடீன் அணுவை நீக்கி, வலிமை கூடிய ஓமோனாக மாற்றியே கொடுக்கின்றன. ஆகவே இரத்தத்தின் கணக்கும் மூளையின் கணக்கும் எப்பொழுதும் ஒன்றாயிருக்கவேண்டும் என்பதில்லை.

அப்படியாயின், சுரப்பி நலமாயிருந்தும் மனஞ் சோர்ந்த ஒருவருக்கு இவ்வோமோனைக் கொடுத்தால் என்ன? இவ்வெண்ணம் மனிதரிடமே முதலில் சோதிக்கப்பட்டது. 1969இல் அமெரிக்கரான ஆதர் பிறேஞ்சு முதலியோர், மனச்சோர்வு மருந்தோடு மூன்று அணு ஓமோனையும் சிறிதளவு சேர்த்துக் கொடுத்தால் நோய் விரைவிலே தணிகிறது என்றனர். எலிகள் பின்னரே வந்தன. தப்ப முடியாத அதிர்ச்சியைப் பலமுறை பெற்ற விலங்கு, தப்ப வழி உள்ளபொழுதும் முயலாது கிடக்கும் என்பதைச் செலிக்மன், மையர் என்னும் இருவர் 1967இல் நாய்களிடத்தே காட்டியிருந்தனர். அதே நிலைக்கு உள்ளான எலிகள் இவ்வோமோனால் மீண்டும் முயலத் தொடங்கியதாக 1985இல் பிரெஞ்சு ஆய்வொன்று கூறிற்று. நம்பிக்கை ஊட்டும் செய்தியே. ஆனால் இரு வேறு சிகிச்சைகளுக்கு இணங்காத 142 நோயாளரைக் கொண்டு அமெரிக்காவிலே நடத்தப்பட்டு 2006இல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஓமோன் சேர்க்கப்பட்டோருள் 24.7 வீதத்தினரே முற்றாகத் தேறினர். லிதியம் சேர்க்கப்பட்டோருள் 15.9 வீதத்தினர். புள்ளிவிபரக் கணக்கின்படி இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. எலிக்கு எழுந்து நடக்கப் போதுமாயிருந்தது, மனிதருள் நால்வரில் ஒருவருக்கே உதவிற்று.

எனவே, சோர்வுடையோர் அனைவரும் தைரொக்சினை நாடவேண்டும் என்று எவரேனும் விளம்பரஞ் செய்வாராயின் அவரை நம்பலாகாது. மனச்சோர்வுடையோருள் மிகப் பெரும்பான்மையோரின் தைரொயிட்டு நலமாகவே உள்ளது. சுரப்பி மிகச் சிறிதளவே குன்றிய 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியான ஐரோப்பிய ஆய்விலே, தைரொக்சின் பெற்றவர்களின் களைப்பு, வெறும் மாத்திரை பெற்றவர்களின் களைப்பிலும் குறையவில்லை. வேண்டாத இடத்தில் ஓமோனைப் பெருக்கினால் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடும், எலும்பு மெலியும், மனமும் அமைதி இழக்கும். வைத்தியரின் பரிசோதனையின்றி அயலாரின் மாத்திரையை வாங்கி விழுங்குவது ஆபத்தான செயல்.

மறுபுறத்திலே, உண்மையாகவே சுரப்பி வற்றியவர் ஆண்டுக்கணக்காக மனநோயாளர் என்றோ, சோம்பேறி என்றோ பெயர் கேட்டிருப்பதும் இன்னும் ஒழியவில்லை. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்திலே கழலை நோய் நெடுங்காலம் பரவியிருந்தது. மழை அயடீனை மண்ணிலிருந்து கழுவிச் செல்வதும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. 1995இல் மனிதர் உண்ணும் உப்பிலே அயடீன் சேர்த்தல் சட்டத்தினாற் கட்டாயமாக்கப்பட்டபின் அக்குறை பெரிதும் நீங்கிற்று. ஆயினும் உப்பினால் தீராத காரணம் ஒன்றுண்டு. உடலின் காவற்படை தன் சொந்தத் தைரொயிட்டையே பகைவனென்று கருதி அழிக்கும் நோய் அது. ஜப்பானியரான ஹஷிமொட்டோ 1912இல் இதனை விவரித்தார். ஆண்களிலும் பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது. மகப்பேற்றுக்குப் பின் சில மாதங்களுக்குள்ளும் சுரப்பி இவ்வாறு தடுமாறுவதுண்டு. பிள்ளை பெற்ற தாய் சோர்ந்து அழுதுகொண்டிருந்தால், ‘எல்லாருந்தானே பெற்றார்கள்’ என்று சொல்லுமுன் இதனையும் நினைக்கவேண்டும். லிதியம் உண்போருக்கும் அம்மருந்தே சுரப்பியை மந்தப்படுத்தக்கூடும்.

குளிர் தாங்காமை, உடல் நிறை ஏறுதல், மலச்சிக்கல், தோல் உலர்தல், மயிர் உதிர்தல், குரல் கரகரத்தல் ஆகியவை மனச்சோர்வோடு சேர்ந்து வருமாயின், சிறிதளவு இரத்தமே விடையைக் கூறிவிடும். கபச்சுரப்பியின் ஏவல் ஓமோன் அதில் எவ்வளவு உயர்ந்துள்ளது என்று பார்ப்பர். சுரப்பி தளரத் தளர ஏவல் உயரும். எலியின் கழுத்தை வீங்கச் செய்ததும் அதே ஏவல்தான். நோய் உறுதியானால் தைரொக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் நாள்தோறும் உட்கொள்ளவேண்டும். உடல் சில வாரங்களில் தேறத் தொடங்கும். மனம் தெளிவதற்கு மேலும் காலம் பிடிக்கலாம். தெளிந்துவிட்டதென்று பலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். அங்கேதான் மீண்டும் இருள் தொடங்குகிறது.

1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலே ஜோர்ஜ் மறே என்னும் இளம் வைத்தியர், இந்நோயால் முகம் ஊதி, பேச்சு மந்தமாகி, உற்சாகமிழந்திருந்த 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, செம்மறியாட்டின் தைரொயிட்டைப் பிழிந்தெடுத்த சாற்றை ஊசி மூலம் ஏற்றினார். சில மாதங்களில் அவர் புதுமனிதராய் எழுந்தார். மறே அதனை நிறுத்தவில்லை. பின்னர் அச்சாறு வாய்வழியே கொடுக்கப்பட்டது. அப்பெண்மணி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் தமது 74ஆம் வயதிலே காலமானார். அவ்வளவு காலமும் அவரை நடமாடச் செய்வதற்கு 870க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் வேண்டியிருந்தன என்று மறே கணக்கெழுதி வைத்திருக்கிறார். இன்று அதற்கு ஆடு வேண்டியதில்லை. அந்த ஓமோன் ஆய்வுகூடத்திலே ஆக்கப்பட்டு, மிளகிலும் சற்றே பெரிய மாத்திரையாக மருந்துக்கடையிற் கிடைக்கிறது.